வற்றிய நீர் எங்கே?

ஓரிக்கையில் நமது பழைய காரில் குளிர்நீர் நாள்தோறும் குறைந்தது, தரையிலோ ஈரமில்லை. நீரூற்றியே நாட்களைக் கடத்தினோம். ஒருநாள் நோயாளியை ஏற்றிச் செல்கையில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. அவரை ஆட்டோவில் அனுப்பித் தலைகுனிந்தோம்.

மெக்கானிக், எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பின்பு கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. ரப்பர் குழாய்களில் ஈரமில்லை. தண்ணீர்ப் பம்பின் அடியில் உலர்ந்த பச்சைக் கறை. அதன்மேல் ஒரு துளி! ஓடுகையில் கசிந்த நீர் சூட்டிலேயே ஆவியாகியிருந்தது. "வெளியே கசிவு இல்லையென்றால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா, வெண்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும், சாமி, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்" என்றார்.

குறைந்ததை நிரப்பினோமேயன்றி, ஏன் குறைகிறதென்று கேட்டோமில்லை. நோயாளி பிழைத்தது இறையருள். வண்டி நின்றது நமது சோம்பல்.