பழைய வாயு வயலுக்குப் புதிய இயந்திரம்

மிளகு வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருப்பவன் நான். ஈரம் போகாத மிளகை மூட்டை கட்டினால் என்ன நடக்கும் என்பதை ஒரு லொறிச் சரக்கு முழுவதையும் திருப்பி ஏற்றி வந்து படித்துக்கொண்டேன். அதனாலோ என்னவோ, பங்களாதேஷின் திதாஸ் எரிவாயு வயலைப் பற்றி வாசித்தபோது அங்குள்ள உலர்த்தும் இயந்திரத்திலேயே என் கவனம் நின்றது.

பிராமன்பாரியாவிலுள்ள இவ்வயல் 1962இல் கண்டுபிடிக்கப்பட்டு 1968இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் 9இல் இதையும் வேறு நான்கு வயல்களையும் ஷெல் கம்பனியிடமிருந்து பங்களாதேஷ் அரசாங்கம் வெறும் 45 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. இதைவிட இலாபமான கொள்வனவு தென்னாசியாவில் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

வயதான வயலில் வாயு தீருவதற்கு முன்னரே அழுத்தம் குறைந்துவிடுகிறது. பிரதான குழாயின் அழுத்தமோ அதற்காகக் குறையாது. நிலத்தடியில் சரக்கு இருக்கும். குழாய்க்குள் நுழைய அதற்குப் பலம் இராது. கொம்பிரசர் தேவைப்படுவது இதற்காகத்தான்.

பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அழுத்தம் குறையக் குறைய, அதே அளவு வாயு கூடுதலான நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. கிளைக்கோல் திரவத்தால் ஈரத்தை உறிஞ்சும் பழைய கோபுரமோ அன்றைய உயர்ந்த அழுத்தத்திற்கு அமைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, கொம்பிரசரின் எண்ணெய் கசிந்து கலந்தால் கிளைக்கோலும் கெட்டுவிடும். ஈரமான வாயு குழாயை அரிக்கும். பனிக்கட்டி போல் உறைந்து அடைக்கவும் செய்யும். கொம்பிரசரை மட்டும் வாங்குவது, புதிய லொறி வாங்கி ஈர மிளகை ஏற்றுவதற்குச் சமம்.

2017இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 6 கோடி டொலர் கடனை அங்கீகரித்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் பங்கேற்ற அத்திட்டத்தில் திதாஸுக்கு 7 கொம்பிரசர்கள் இருந்தன. அதே திட்டத்தில் சிட்டகாங்கிலிருந்து பக்ராபாத் வரை 181 கிலோமீற்றர் குழாயும் இருந்தது. அது இறக்குமதி வாயுவை உள்ளே கொண்டு வருவதற்கு! 2018இல் திரவ வாயு இறக்குமதி ஆரம்பமானது. 2022இல் உலகச் சந்தையில் விலை எகிறியதும், ஜூலையில் உடனடிக் கொள்வனவை நிறுத்த வேண்டியதாயிற்று. மின்வெட்டு ஆலைகளை வாட்டியது. அதே ஆண்டில் நாமும் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள்; டொலர் இல்லாத வேதனையை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கிழட்டு வயலில் ஏன் பணத்தைக் கொட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. எனது கருத்து வேறு. அங்கே எஞ்சியிருப்பது ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிய சரக்கு. கொம்பிரசரும் உலர்த்தியும் ஒரு கன அடி வாயுவைக் கூட உருவாக்குவதில்லை என்பது உண்மையே. அவை சில வருடங்களை வாங்கித் தரும். அவ்வருடங்களில் புதிய கிணறு தோண்டாமல் இருந்தால் அதற்கு இயந்திரம் பொறுப்பல்ல.

டாக்காவில் ஆடை கொள்வனவு செய்யும் நம்மவர்கள் விலையையும் தரத்தையும் விசாரிக்கிறார்கள். அந்த ஆலைக்கு வாயு நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் வருகிறது என்பதையும், ஓடர் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.