மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

ஏழு பேர் உட்காரும் மின்சாரக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் விற்பனையாளர் சொல்லும் எண், எப்படி அளந்த எண் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. தாத்தா, பாட்டி, பிள்ளைகள், கூடவே ஓர் அத்தை என்று ஒரே வண்டியில் பினாங்குக்குக் கிளம்பும் கிள்ளான் குடும்பங்கள் இத்தனை காலம் அல்சாவிலும் எக்சோராவிலும் இன்னோவாவிலும் போய் வந்தன. அந்த வண்டிகளின் கணக்கு நமக்கு மனப்பாடம். மின்சார வண்டியில் பல கணக்குகள் மாறுகின்றன. மாற்றத்துக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: நம் காலுக்கடியில் படுத்திருக்கும் பேட்டரி.

உதாரணத்துக்குக் கியா இவி9 வண்டியை எடுத்துக்கொள்வோம். 2023இல் அறிமுகமாகி, 2024இல் உலகின் சிறந்த கார் விருதைப் பெற்று, மலேசியச் சந்தைக்கும் வந்த வண்டி. நீளம் 5,010 மில்லிமீட்டர், அகலம் 1,980. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,100. பேட்டரியின் கொள்ளளவு 99.8 கிலோவாட் மணி. வீட்டு மின்கட்டண ரசீதில் வரும் யூனிட்டும் இதுவும் ஒன்றே என்பதால், நூறு யூனிட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். வோல்வோவின் ஏழு இருக்கை மின்சார வண்டியான இஎக்ஸ்90இல் இதைவிடச் சற்றுப் பெரிய பேட்டரி இருக்கிறது. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

நூறு யூனிட் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரி அரை டன்னுக்கு மேல் எடை வரும். அதை இரண்டு அச்சுகளுக்கு நடுவே, தரைக்கடியில் பாய் விரித்ததுபோல் பரப்பிவிடுகிறார்கள். எடை கீழே இருப்பதால் வளைவுகளில் வண்டி அதிகம் சாயாது. நடுவில் மேடில்லாத சமதளத் தரை கிடைக்கிறது. இரண்டும் நல்ல பலன்கள். ஆனால் பேட்டரியின் தடிமனுக்கேற்பத் தரை உயர்ந்துவிடுகிறது. அதே அளவுக்கு இருக்கையையும் உயர்த்தினால் கூரையையும் உயர்த்த வேண்டும். கூரை உயர்ந்தால் காற்றின் எதிர்ப்பு கூடி, ஓடும் தூரம் குறையும். ஆகவே வடிவமைப்பாளர்கள் மூன்றாம் வரிசை இருக்கையைத் தரையை ஒட்டியே வைக்கிறார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மேலே எழும்பி நிற்கும். தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூட்டுவலி உள்ள பாட்டிக்கு ஈப்போ போய்ச் சேருவதற்குள் தெரிந்துவிடும்.

அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் கைகொடுப்பது இங்கேதான். 3,100 மில்லிமீட்டர் என்பது தாராளமான அளவு. கால்களை முன்னே நீட்டிக்கொள்ள இடம் கிடைப்பதால், இந்த வகை வண்டிகளில் இவி9இன் மூன்றாம் வரிசை தேவலை என்றே சொல்லவேண்டும். இருந்தாலும் காட்சிக்கூடத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திரையைத் தடவிப் பார்ப்பதோடு எழுந்துவிடாதீர்கள். நடு வரிசையை உங்கள் உயரத்துக்கு நகர்த்திவிட்டு, பின்னால் ஏறி இருபது நிமிடம் உட்காருங்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்பக்கச் சாமான் இடம் 333 லிட்டர்தான். ஏழு பேர், ஏழு பேரின் துணிப்பை, கோயிலுக்கு எடுத்துப்போகும் சாமான் எல்லாவற்றையும் அது கொள்ளாது.

அகலத்தையும் யோசிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையைச் சுற்றிக் கார் நிறுத்தியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நிறுத்துமிடக் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம் என்றால், கண்ணாடிகளை மடக்கிய பிறகும் பக்கத்துக்கு ஒரு சாண் அளவு இடம்தான் மிஞ்சும். பெரியவர்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட முடியும்.

இனி எடை. வண்டி மட்டும் ஏறக்குறைய 2.6 டன். ஏழு பெரியவர்களும் கொஞ்சம் சாமானும் ஏறினால் மூன்று டன்னைத் தாண்டும். கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் டயர் காற்றழுத்தமும் அச்சிட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. இந்த வண்டிகளில் படித்தாக வேண்டும். டயர்களும் கனம் தாங்கும் வகை, சீக்கிரம் தேயும், விலையும் கூடுதல்.

எடை என்ன செய்யும் என்பதைக் காட்டக் கெந்திங் மலையைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 1,600 மீட்டர் ஏற்றம். 3.1 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் பதின்மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். காற்றையும் சாலை உராய்வையும் சமாளிக்க ஆகும் செலவு தனி. அதாவது பேட்டரியில் ஏழில் ஒரு பங்கு, வெறும் உயரத்துக்குப் போய்விடுகிறது. மலை ஏறும்போது திரையில் எண் மளமளவென்று குறைவதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அந்தச் சக்தி எங்கும் தொலைந்துபோகவில்லை. இறங்கும்போது மோட்டார் தலைகீழாக வேலை செய்து மின்னாக்கியாகிறது. சக்கரம் அதைச் சுழற்ற, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. இழப்பு போக, பாதிக்கு மேல் மீளும். பெட்ரோல் வண்டியில் அதே சக்தி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகிறது.

பணம் மிச்சமாவது மட்டுமே இதன் பலன் இல்லை. 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங்கிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாது என்பதற்குத்தான் கியரைக் குறைக்கச் சொல்லும் பலகைகளை வழிநெடுக வைத்திருக்கிறார்கள். மின்சார வண்டியில் அந்த வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. நிரம்பிய பேட்டரி மேற்கொண்டு மின்சாரத்தை வாங்காது. மலை உச்சி விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், மோட்டாரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, சாதாரண பிரேக்கின் மேல் முழுப் பாரமும் விழும். உச்சியில் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி.

கிலோமீட்டர் கேள்விக்கு வருவோம். நான்கு சக்கர இயக்கமுள்ள இவி9க்கு 505 கிலோமீட்டர் என்கிறது டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனை. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர், குளிர்சாதனம் ஓடாது, ஏழு பேரும் ஏறுவதில்லை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும், பயணத்துக்குத் திட்டம் போட உதவாது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110இல், வண்டி நிறைய ஆட்களோடு, நூறு கிலோமீட்டருக்கு 25 யூனிட் என்று வைத்துக்கொள்வது என் கணக்கு. தொண்ணூறு சதவீதத்தில் கிளம்பிப் பத்தில் நின்றால் 320 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 350. ஆக, வழியில் ஒரு நிறுத்தம் உண்டு. பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பம் எப்படியும் ஓரிடத்தில் நிற்கத்தானே போகிறது?

நெரிசலைப் பற்றிய பயம் மட்டும் வீண். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலையில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டால், நகராத வண்டியில் செலவாவது குளிர்சாதனத்துக்கு மட்டுமே. மணிக்கு இரண்டு யூனிட் என்றாலும் நான்கு யூனிட். இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

வழியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில்தான் 800 வோல்ட் என்ற விளம்பரச் சொல் வருகிறது. மின்சக்தி என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. அழுத்தத்தை இரட்டித்தால் பாதி மின்னோட்டத்தில் அதே சக்தியை அனுப்பலாம். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடுவதால், மின்னோட்டம் பாதியானால் சூடு நான்கில் ஒன்றாகும். சூடு குறைந்தால் வேகமாக ஏற்றலாம். தகுந்த அதிவேகச் சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதத்துக்கு 24 நிமிடம் என்று கியா சொல்வதன் அடிப்படை இதுதான். ஆனால் 800 என்பது அந்த அமைப்பு தாங்கும் வகுப்பைக் குறிக்கிறது. இவி9 பேட்டரியின் இயல்பு அழுத்தம் 552 வோல்ட். அதிலும் நீங்கள் போய் நிற்கும் சார்ஜர் 60 கிலோவாட்தான் தரும் என்றால் வண்டியின் திறமை எதற்கும் ஆகாது. அதே 70 யூனிட் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2025 முடிவுக்குள் நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர் என்ற அரசின் இலக்கு எட்டப்படவில்லை. எத்தனை என்பதைவிட, நீங்கள் போகும் வழியில் எத்தனை கிலோவாட் சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

இந்த வண்டி யாருக்கு லாபம் என்பதைத் தீர்மானிப்பது உண்மையில் வீடுதான். கிள்ளானில் சொந்தத் தரை வீடு, வாசலில் கார் நிற்கிறது என்றால் கவலையில்லை. ஒற்றைப் பேஸ் இணைப்பில் 7.4 கிலோவாட் சார்ஜர் பொருத்தலாம்; இரவில் ஏழு மணி நேரத்தில் பாதி பேட்டரி நிரம்பும். 2025 ஜூலையில் வந்த மின்கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு அடிப்படைக் கட்டணம் சுமார் 44 சென். நூறு கிலோமீட்டருக்கு 25 யூனிட் என்றால் பதினொரு வெள்ளி. அதே தூரத்துக்குப் பதினொரு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் வண்டிக்கு, புடி95 மானியத் திட்டத்தின் லிட்டருக்கு 1.99 வெள்ளி விலையில் 22 வெள்ளி. பாதிச் செலவு.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவரின் கணக்கு வேறு. நிறுத்துமிடம் பொதுவானது, சார்ஜர் பொருத்த நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும், மின்கம்பி இழுக்கும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே கூட்டங்கள் கழியும். அவர் வெளியிலுள்ள அதிவேகச் சார்ஜரையே நம்பினால், யூனிட்டுக்கு 1.20 வெள்ளியிலிருந்து 1.60 வரை போகலாம். நூறு கிலோமீட்டருக்கு முப்பதிலிருந்து நாற்பது வெள்ளி. மானிய பெட்ரோலைவிடக் கூடுதல்! மின்சார வண்டி செலவைக் குறைக்கும் என்று பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில் தவறிப்போகிறது.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், அதுவும் 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியே தண்ணீரையும் இழுத்துப் பழுதாகும். மின்சார வண்டிக்கு அந்த வாய் இல்லை. பேட்டரிப் பெட்டியையும் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் அடைக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவது அதன் பொருள். ஸ்ரீ மூடாவில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. போர்ட் கிள்ளான் பக்கம் கடல் ஏற்றத்தில் வருவது உப்புத் தண்ணீர், அது இன்னும் கெடுதல். மூழ்கிய வண்டியை இயக்கிப் பார்ப்பதும் சார்ஜில் போடுவதும் கூடாது. ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கம்பிகளைத் தொடாமல், இழுவை லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

விலை விஷயத்தில் ஒரு தேதி கடந்துவிட்டது. முழுதாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 முடிவு வரை உண்டு. சாலை வரியும் 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்துக் கட்ட வேண்டும். ஷா ஆலமில் அறுபதுகளிலிருந்து வோல்வோவைப் பொருத்தும் தொழிற்சாலை 2022இலேயே மின்சார எக்ஸ்சி40ஐ வெளியே அனுப்பியது. ஏழு இருக்கை மின்சார வண்டி எதுவும் இங்கே பொருத்தப்பட்டு வருமா என்பதைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது, அவசரம் இல்லாதவர்களுக்குக் கையைக் கடிக்காத வழி.