இடியம்ஸ் என்றொரு இம்சை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. இங்கிலீஷ் மீடியத்துக்கு எதிரான பதிவு இல்லை. என் பையனும் அங்கேதான் படிக்கிறான். நானும் இங்கிலீஷில் நோட் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். என் கோபமெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அந்த சார்ட்டின் மேல்தான்.

லக்னோவில் இருந்தபோதும் பார்த்தேன், இப்போது நாக்பூரிலும் பார்க்கிறேன். நம்மாட்கள் வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும், அடுத்து பையன் வருவான். "அங்கிளுக்கு இடியம்ஸ் சொல்லிக் காட்டுடா செல்லம்." இடது பக்கம் இடியம், வலது பக்கம் அர்த்தம், வாரத்துக்குப் பத்து. பையன் கையைக் கட்டிக்கொண்டு "இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று ஆரம்பிக்கிறான். நாக்பூர், மே மாசம், வெளியே 45 டிகிரி. பெற்றவர்கள் முகத்தில் என்ன பெருமை!

எங்கள் வீட்டு நோட்டையும் புரட்டிப் பார்த்தேன். போன மாதப் பாடம் 'ஐ', அதாவது கண். கண்ணை வைத்து மட்டும் பதினைந்து இடியம். டர்ன் எ ப்ளைண்ட் ஐ, கீப் அன் ஐ ஆன், சீ ஐ டு ஐ, ஆப்பிள் ஆஃப் ஒன்ஸ் ஐ... ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி அர்த்தம். ஆப்பிளுக்கு எதிரே "மிகவும் பிரியமானவர்". அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

அட, அந்த ஆப்பிள் எங்கே இருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பழைய இங்கிலீஷில் கண்ணின் கருமணியையே ஆப்பிள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உருண்டையான ஒரு கெட்டிப் பொருள் என்று நினைத்திருக்கிறார்கள். 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இந்தத் தொடர் இடம்பிடித்து வீடு வீடாகப் போய்விட்டது. அந்த இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு 'குட்டி மனிதன்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். எதிரில் இருப்பவர் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டியாகத் தெரியுமே, அந்த ஆள்தான். லத்தீன்காரனும் அதையே பார்த்துவிட்டு 'ப்யூபில்லா' என்றான், குட்டிப் பொம்மை. இங்கிலீஷ் 'ப்யூபில்' அங்கிருந்து வந்ததுதான்.

நம்ம ஊரில்? பாவை. பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் கண்மணியும்கூட. காதலி வந்து உட்கார இடம் வேண்டும், நீ கிளம்பு என்று கண்ணுக்குள் இருக்கும் பாவையைத் திருவள்ளுவரின் காதலன் விரட்டுகிறான். பைபிளைத் தமிழாக்கியவர்களும் அந்த இடத்தில் ஆப்பிளைத் தேடாமல் 'கண்மணி' என்றே போட்டார்கள். இந்திக்காரர்களுக்கு அது கண்ணின் நட்சத்திரம், 'ஆங்க்கோ(ன்) கா தாரா'. இவ்வளவு ஒரே இடியத்துக்குள் கிடக்கிறது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு வரி, அரை மார்க்.

இதில் கொடுமை என்னவென்றால், கரூரில் இருக்கும் என் அம்மா அவனைப் பிறந்ததிலிருந்து கூப்பிடுவதே "கண்ணு" என்றுதான். கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நமக்கு எல்லாக் குழந்தையும் கண்ணுதான். அவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "அப்பா, அப்பத்தா ஏன் என்னை 'ஐ'ன்னு கூப்பிடறாங்க?" ஆப்பிள் ஆஃப் ஒன்ஸ் ஐ தெரிந்த பிள்ளைக்கு, போனில் தன்னை நோக்கி வருவதும் அதே சொல்தான் என்று தெரியவில்லை!

இன்னொரு நாள் அம்மா போனில், மாடியில் குடியிருப்பவர் வாடகை தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி, "கண்ணுல வெரல உட்டு ஆட்டறான்" என்று அவனிடம் புலம்பியிருக்கிறார். பிள்ளை அலறிக்கொண்டு வந்தான். "அப்பா, யாரோ அப்பத்தா கண்ணுல குத்திட்டாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க!" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "இனிமே அவங்கிட்ட நேரா பேசோணும் போலிருக்குது" என்றார். அன்றிலிருந்து பேரனிடம் பேசும்போது பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். சாப்பிட்டியா, படிச்சியா, லீவு எப்போ. அந்தம்மா பேச்சில் இருக்கும் உப்பு, புளி, காரம் எதுவும் அவனுக்குப் போவதில்லை. பத்தியச் சாப்பாடு மாதிரி ஒரு தமிழ். நம்மில் எத்தனை வீடுகளில் தாத்தா பாட்டிகள் இப்படிப் பத்தியம் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ?

சார்ட்டை வைத்து இடியம் வராது என்பதற்கு 'கீப் அன் ஐ ஆன்' போதும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறோம்? "வீட்டு மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க." திரும்பி வந்து பையனுக்குக் காய்ச்சல் வந்தால்? "யாரோ கண்ணு வச்சுட்டாங்க", எடு மிளகாயை, சுத்திப் போடு. அதே கண்ணு, அதே வை. 'வச்சுக்கோ' என்றால் காவல், 'வச்சுட்டாங்க' என்றால் திருஷ்டி. இந்தியிலும் பாருங்கள், 'நஜர் ரக்னா' காவல், 'நஜர் லகானா' திருஷ்டி. இதை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? காதில் நூறு தரம் விழுந்தால்தான் வரும்.

'டர்ன் எ ப்ளைண்ட் ஐ'க்கு நெல்சன் கதை சொல்வார்கள். 1794-ல் கோர்சிகாவில் வலது கண் பார்வையை இழந்த மனுஷன், 1801-ல் கோபன்ஹேகன் சண்டையில் மேலதிகாரி பின்வாங்கச் சொல்லிக் காட்டிய சிக்னலை, பார்வை இல்லாத கண்ணில் டெலஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். நல்ல கதை. நம்மிடம் இதற்குக் 'கண்டும் காணாமல்' என்று இருக்கிறது. பேங்கில் இருப்பவனுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். கண்டும் காணாமல் விட்ட லோனுக்குத்தான் பிற்பாடு என்.பி.ஏ. என்று பெயர் :-)

ஸ்லாங்கும் அப்படித்தான். ஐ.டி. பசங்களைக் கேளுங்கள், 'ரெட் ஐ' என்றால் ராத்திரி ஃப்ளைட் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் சார்ட்டில் படித்ததில்லை. கண் சிவக்க சிவக்கப் பயணம் செய்து கற்றுக்கொண்டார்கள்.

"அதெல்லாம் சரி சார், வேலைக்கு வேணுமே" என்பீர்கள். எந்த வேலைக்கு? நான் சில வருஷம் ஃபாரெக்ஸில் இருந்தவன். லெட்டர் ஆஃப் கிரெடிட் என்று ஒன்று, கடல் தாண்டி நடக்கும் வியாபாரத்தில் கோடிக்கணக்கான பணம் அதை நம்பித்தான் கைமாறுகிறது. அதற்கான சர்வதேச விதிகள் யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பவை. அதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'ப்ராம்ப்ட்', 'இம்மீடியட்லி', 'ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்' போன்ற சொற்கள் வந்தால் அவற்றைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாது, ஆவணத்தில் அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒழிய. 'ஆன் ஆர் அபௌட்' என்றால்கூட அந்தத் தேதிக்கு முன்னே ஐந்து நாள், பின்னே ஐந்து நாள் என்று எண்ணி வைத்துவிட்டார்கள். சாதாரண 'உடனே'க்கே அங்கே இடம் இல்லை. பூனை, நாய், ஆப்பிளை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? காசு புழங்கும் இடத்து இங்கிலீஷ் மொட்டையாகத்தான் இருக்கும். அது தெளிவாக, தப்பில்லாமல் எழுத வந்தால் போதும்.

ஆனால் நம்ம ஊர் இன்டர்வியூ பேனல் அப்படி நினைப்பதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், லோன் பேப்பரைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஆள். புரமோஷன் இன்டர்வியூவில் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். "இங்கிலீஷ் ரொம்ப ஃப்ளாட்" என்று ஒதுக்கிவிட்டார்கள். "அட் த எண்ட் ஆஃப் த டே" என்று நாலு தரம் சொன்னவர் தேறிவிட்டார். கோளாறு அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குப் பயந்து எட்டு வயசுப் பிள்ளைக்கு நாம் ஏன் தண்டனை கொடுக்க வேண்டும்?

எஸ்.எஸ்.சி. மாதிரிப் பரீட்சைகளில் இடியம் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அப்போது ஒரு கைடு வாங்கி இரண்டு மாசம் உருப்போட்டால் ஆயிற்று. அதுவரை கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பிடித்த கதையைப் பத்து தரம் படிக்கிற பிள்ளைக்கு இடியம் தானாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பத்தியத் தமிழை விட்டுவிட்டு முழுச் சாப்பாடு போடுங்கள். புரியாவிட்டால் கேட்கட்டும், "கண்ணுல மண்ணத் தூவறதுன்னா என்னப்பா?" என்று. இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும் கண்ணில் தூசியைத்தான் தூவுகிறார்கள், ஏமாற்றுவதற்கு மொழி பேதம் கிடையாது என்று நீங்களும் சொல்லலாம்.

சார்ட்டைக் கிழித்ததற்கு வீட்டில் இன்னும் எனக்கு முறைப்பு நடந்துகொண்டிருக்கிறது, அது தனிக்கதை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கண் சமாச்சாரங்களைப் பின்னூட்டத்தில் போடுங்கள். கண்கொத்திப் பாம்பு, கண்துடைப்பு, கண்மண் தெரியாமல், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், இந்த நாலும் எங்கள் அம்மா கணக்கில் ஏற்கெனவே வரவு வைத்தாயிற்று.