தோளிலே பருப்பு மூட்டை. கையிலே மாப் பேணி!

மாலை ஆறு மணியளவில் ஜிந்துப்பிட்டியிலே நின்று பார்ப்பவர் இந்தக் காட்சியைக் காணத் தவறமாட்டார். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலே பகல் முழுவதும் மூட்டை சுமந்த இளைஞர்கள் கூட்டங் கூட்டமாகத் திரும்பி வருவார்கள். "நாட்டாமை" என்று கொழும்பு நகரம் அவர்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. தமிழகத்திலே ஊர்த் தலைவனுக்கு வழங்கும் பெயரைச் சுமை தூக்குபவனுக்குக் கொடுத்த இந்நகரம், அந்தப் பெயருக்குரிய வேறெதனையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அது நிற்க. முகங் கழுவி, ஒரு தேநீரும் ஒரு பணிஸும் உட்கொண்டு, அவர்களிற் சிலர் நேரே உடற்பயிற்சி நிலையத்துக்குச் செல்கிறார்கள். பகலிலே கூலிக்காகச் சுமந்த தோள், இரவிலே அழகுக்காகவும் வலிமைக்காகவும் இரும்பைத் தூக்குகிறது. அந்த ஊக்கத்தை நாம் போற்றுகிறோம். மது விற்கும் கடையைத் தாண்டி அங்கே போகிறார்களே, அதற்காகவே போற்றலாம்.

அவர்களுள் ஒருவர், மலையகத் தோட்டமொன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர், அண்மையில் ஒரு பெரிய மாப் பேணியை எம்முன் வைத்து, "ஐயா, இது நல்லதுதானா?" என்று கேட்டார். வெளிநாட்டுப் புரத மா. அவருடைய பத்து நாட் கூலியை விழுங்கிய பேணி அது. "தம்பி, இன்று காலையில் என்ன சுமந்தீர்?" என்று வினவினோம். "மைசூர்ப் பருப்பு, ஐயா" என்றார். தோளிலே கிடந்த புரதத்தைக் கடையிலே இறக்கி வைத்துவிட்டுக் கூலியைக் கொடுத்து வேறு புரதம் வாங்கி வந்திருக்கிறார்! இந்த விந்தையைப் பற்றியே இவ்வாரம் எழுத வேண்டுமென்று எமக்குத் தோன்றிற்று.

அந்த மா நஞ்சன்று. பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரிலுள்ள புரதத்தைப் பிரித்து உலர்த்தியதே அது. மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் ஒரு காலத்திலே ஆற்றிலும் வயலிலும் கொட்டிய பொருள். எனினும் உயர்ந்த புரதமே, எளிதிற் சீரணமாவது, தசைக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் யாவும் நிறைந்தது. வசதி படைத்த வெள்ளவத்தை வைத்தியரோ பொறியியலாளரோ அதனை வாங்கி அருந்துவாராயின் அது அவர் விருப்பம். நாம் கேட்பது, பத்து நாட் கூலியைக் கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் உழைப்பாளிக்கு உண்டா என்பதே.

தசை வளரும் விதத்தை அறிந்தால் விடை தானே கிடைக்கும். சுமை தூக்கும்போது தசைநார் சோதனைக்குள்ளாகிறது. பின்னர் உறக்கத்திலும் ஓய்விலும், உணவிலிருந்து கிடைத்த அமினோ அமிலங்களைக் கொண்டு உடல் அந்நாரைத் திருத்திச் சிறிது தடிப்பாக்குகிறது. அமினோ அமிலம் பேணியிலிருந்து வந்ததா, பயற்றங் கஞ்சியிலிருந்து வந்ததா என்று தசை விசாரணை நடத்துவதில்லை. எல்லா வகையும் போதிய அளவில் வந்து சேர்ந்தனவா என்பதே அதற்குரிய கணக்கு.

அளவு எவ்வளவு? உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வளர்ந்தவர்க்குப் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. தசை வளர்க்கப் பயிற்சி செய்பவர்க்கு அது போதாது. 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு, கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் உண்பதனால் சராசரியாகத் தசைக்கு மேலதிகப் பயன் தென்படவில்லை என்று கூறிற்று. அறுபது கிலோ நிறையுள்ள எமது நாட்டாமைத் தம்பிக்கு அது 96 கிராமாகும். இதற்கு மேலே விழுங்கும் ஒவ்வொரு கரண்டி மாவும் வெறுஞ் செலவு.

இனிப் பேணியைக் கணக்கிடுவோம். 2.27 கிலோ கொண்ட பெரிய பேணியிலே 74 வேளைக்குரிய மா இருப்பதாகவும், வேளையொன்றுக்கு 24 கிராம் புரதம் என்றும் வழமையாக எழுதப்பட்டிருக்கும். மொத்தம் 1,776 கிராம். உலர்ந்த மைசூர்ப் பருப்பில் நூற்றுக்கு 24 பங்கு புரதம். ஆகவே ஏழரைக் கிலோப் பருப்பிலே அப்பேணி முழுவதற்கும் ஈடான புரதம் அடங்கிவிடுகிறது. பருப்புப் புரதம் பாற்புரதத்தைப் போல முற்றாகச் சீரணமாவதில்லை என்று பேணிக் கட்சியினர் வாதிடுவர். உண்மைதான், அவர்களுக்கு இடங் கொடுத்துப் பத்துக் கிலோ என்றே வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோப் பருப்பின் விலையை மூலைக்கடையிலே கேட்டு, பேணியின் விலைக்கு அருகிலே எழுதிப் பாருங்கள். விலை நாளுக்கு நாள் மாறுவதால் நாம் எண்ணை எழுதவில்லை. விகிதம் மாத்திரம் வெட்கப்படும்படியாகவே இருக்கும்.

பருப்பு மட்டுமா? பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றிலும் ஏறத்தாழ இதே அளவு புரதம் உண்டு. கடலையில் நூற்றுக்கு இருபது. கச்சானில் இருபத்தைந்து, ஆனால் பாதி எண்ணெய் என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துவது நன்று. சோயா அவரையில் முப்பத்தாறு. கடைகளிலே பொதியாக விற்கும் உலர்ந்த சோயா மீற்றிலே ஏறக்குறைய ஐம்பது. வெயிலிலே நன்கு காய்ந்த நெத்தலியில் அறுபது வரை இருக்கும். நூறு கிராம் பச்சை மீனில் இருபது கிராம், முட்டையொன்றில் ஆறு. கடலரசன் விலையிலேறிப் போனதால் மீனை மறந்தவர்கள், அறக்குளாவையும் பாரையையும் விட்டுவிட்டுச் சூடையையும் சாளையையும் பார்க்கட்டும். சிறு மீனிலே புரதம் குறைவென்று எந்த நூலும் சொல்லவில்லை. அந்தஸ்துத்தான் குறைவு.

அரிசியிலே இலைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பிலே மெதியோனின் குறைவு. ஒன்றிற் குறைந்தது மற்றொன்றில் இருப்பதால், சோறும் பருப்புக் கறியும் ஒரே நாளில் உண்ணப்படும்போது குறை நீங்குகிறது. ஆய்வுகூடம் என்ற ஒன்றையே அறியாத எம் பாட்டிமார் சோற்றோடு பருப்பையும், இட்டலியிலே உழுந்தையும், பொங்கலிலே பயற்றையும் சேர்த்தார்கள். அவர்கள் அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று பெருமையடிக்கும் கூட்டத்தில் நாம் இல்லை. பசித்த குடும்பம் பல தலைமுறையாகச் சோதித்து வந்த முடிவு அது.

எமது தம்பியின் ஒரு நாளுணவை இவ்வாறு அமைக்கலாம். காலையில் பாணும் சம்பலும் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, 75 கிராம் பயற்றையோ கௌபியையோ முதல்நாளிரவு ஊறவைத்து அவித்து, தேங்காய்ப்பூவோடு உண்டு, இரண்டு முட்டையும் சேர்த்தால் 29 கிராம் புரதம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் பருப்பு, ஒரு சிறங்கை நெத்தலிக் கருவாடு, அதாவது இருபது கிராம்: இவற்றால் 34. மாலையிலே பணிஸுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி கச்சான், 10. இரவிலே இடியப்பமோ பிட்டோ நூறு கிராம் மாவளவுக்கு, அதனோடு 25 கிராம் சோயா மீற் கறி, 19. கூட்டினால் 92 கிராம்! மீன் வாங்க முடிந்த நாளில் 96ஐயும் தாண்டிவிடும். பேணி எங்கே வேண்டியிருந்தது?

அறையிலே நால்வராகத் தங்கியிருப்பவர்களுக்குச் சமையல் சிரமம் என்பதை நாம் அறிவோம். நால்வரும் முறை வைத்து ஒரு பானையிலே அவிப்பது ஒன்றே வழி. ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரிலே மென்மையாகும்வரை அவிக்க வேண்டும்; சீரணத்தைத் தடுக்கும் பொருள்கள் வெப்பத்தாற் பெரிதும் அழிகின்றன. முதல் வாரத்தில் வயிறு பொருமும். அஞ்சாது அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பழகிவிடும். நெத்தலியைத் தண்ணீரிலே ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானை எந்த விலைக்கும் வாங்கலாகாது. அதிலே ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. முருங்கையிலையை அரைத்துக் குடித்தால் தசை திரளும் என்று சிலர் எமக்கு எழுதுகிறார்கள். முருங்கை நல்ல கீரை. ஆனால் தசைக்கு வேண்டிய புரதத்தை அதிலிருந்தே பெற விரும்புபவர் ஆடாகப் பிறந்திருக்க வேண்டும். ஒன்றை மறவாமற் சொல்லவேண்டும்: சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஒவ்வாது. காரணந் தெரியாத சிறுநீரக நோய் பரவிய அநுராதபுரம், வவுனியாப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள், புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கலந்தாலோசிப்பது கட்டாயம்.

விளம்பரத்தின் மயக்கத்தையும் சிறிது பேசவேண்டும். "நிறை கூட்டும் மா" என்ற பெயரில் வருவனவற்றிற் பெரும்பங்கு புரதமே அன்று, மாச்சத்தும் இனிப்பும். கூலியைக் கொடுத்துக் கிழங்கு மா வாங்கியதற்குச் சமம். அதனினும் கொடிய செய்தியும் உண்டு. 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளிலே வாங்கப்பட்ட 634 உணவுச் சேர்க்கைகளை ஜெர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் சோதித்தபோது, 94இல் மேலுறையில் எழுதப்படாத ஹோர்மோன் வகைப் பொருள்கள் காணப்பட்டன. பயற்றுக்குள்ளே எவரும் ஹோர்மோனை ஒளித்து வைப்பதில்லை. கல்லைத்தான் ஒளித்து வைப்பார்கள்!

ஏழையின் உணவிலே வீரவுடல் வளருமா என்று ஐயுறுவோர்க்கு வங்காளத்து மனோகர் ஐச்சை நினைவூட்டுகிறோம். நாலடி பதினோரங்குல உயரம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை சென்று, சிறைக்குள்ளேயே உடலை வளர்த்தவர். வறுமையால் இளநீர் விற்றவர். 1952ஆம் ஆண்டில் தமது உயரப் பிரிவிலே உலக ஆணழகர் பட்டத்தை வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்பனவே தம் உணவென்றார். பழஞ்சோற்றைப் பெருமையோடு புகழ்ந்தார். நூறு வயதையுங் கடந்து 2016இல் மறைந்தார். ஒருவரை வைத்து விதி வகுக்கலாகாது என்பது எமக்குத் தெரியும். "முடியாது" என்பவரின் வாயை அடைக்க ஒருவர் போதும்.

தோட்டப்புறத்திலே பிறந்த தம்பியைப் பற்றி எழுதும்போது நெஞ்சை உறுத்தும் ஒரு கணக்கையும் மறைக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதையும் எடுத்தால் ஆறுபேரில் ஒருவர். குழந்தைப் பருவத்திலே மறுக்கப்பட்டதை இருபது வயதிலே இரும்பு தூக்கி மீட்க முயல்கிறான் அந்த இளைஞன். அவனுடைய பணத்தைப் பேணிக்காரன் பறிக்கலாமா? ஊருக்கு அவன் அனுப்பும் பணத்திலே தங்கைக்கும் தாய்க்கும் முட்டையும் பயறும் வாங்க மிஞ்சவேண்டாமா?

இவ்விடத்திலே வன்னிக் கமக்காரரும் கொழும்பு வணிகரும் செவிசாய்க்க வேண்டுகிறோம். எமது தம்பி சுமக்கும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. அது இந்நாட்டிலே விளைவதில்லை. ஆனால் பயறு விளைகிறது, கௌபி விளைகிறது, வவுனியாவிலே உழுந்து, முல்லைத்தீவிலே கச்சான் விளைகின்றன. 2020ஆம் ஆண்டிலே உழுந்து, பயறு முதலியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது உழுந்தின் விலை வானளாவியது, தோசையே ஆடம்பரமாயிற்று. அந்த விலையிலே கமக்காரன் கைக்கு எட்டிய பங்கு எவ்வளவு என்று கேட்டால் தலையைத்தான் சொறிவான். அறுவடை வேளையிலே விலை விழும். களஞ்சியம் இல்லாதவன் வந்த விலைக்கு விற்பான். மூன்று மாதஞ் சென்று அதே தானியம் நாலாம் குறுக்குத் தெருவிலே வேறு விலையிலே நிற்கும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தை ஒரே நாளிலே தடைசெய்து நெற்செய்கையை வீழ்த்திய கொடுமையை மறவாதவர்கள், காற்றிலுள்ள நைதரசனைத் தன் வேரிலே சேர்க்கும் பயற்றின் அருமையை எம்மைவிட நன்கறிவர்.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டமன்று. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் உள்ள உடற்பயிற்சி நிலையங்கள் பேணியை அடுக்கி வைத்திருக்கும் தட்டிலே, ஒரு கிலோப் பயற்றுப் பொதியையும் கௌபிப் பொதியையும் வைக்கட்டும். வடக்கிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம், சுத்தஞ் செய்து, கல் நீக்கி, நிறை குன்றாமற் பொதி செய்து அனுப்பட்டும். நடுவிலே நிற்கும் தமிழ் வணிகர் தமக்குரிய நியாயமான இலாபத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதை நாம் மறுக்கவில்லை. வெள்ளவத்தையிலுள்ள கற்றோர், அறுபது வயதுக்கு மேல் தம் கால்களின் தசையும் கரைந்துவருவதை உணர்ந்து, அதே பொதியை வாங்கட்டும்.

காலபோக நெல் அறுவடையானதும் நிலத்திலே ஈரம் எஞ்சியிருக்கும் வேளையில் இடைப்போகப் பயறு விதைக்கலாம். ஏறக்குறைய அறுபத்தைந்து நாளிற் காய் பறிக்கலாம். எத்தனை மூட்டை எடுப்பேன், என்ன விலை தருவேன் என்று புறக்கோட்டையிலிருந்து ஒரு வணிகராவது அதற்கு முன்னரே எழுத்திலே அறிவித்தால், கிளிநொச்சியிலே நிலத்தைத் தரிசாக விடுவதா, விதைப்பதா என்று ஒரு கமக்காரன் அன்றிரவே முடிவு செய்துவிடுவான். அந்த மூட்டையையும் எமது தம்பிதான் சுமப்பார்.