சீத்தாவுக்கு வால் உண்டா?

அமெரிக்காவில் பல் டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால் 'டாட்' என்றொரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் உயிரியல், வேதியியல், கணக்கு எல்லாம் உண்டு. கூடவே வாசிப்புக்கென்று தனியாக ஒரு பகுதி. மூன்று கட்டுரைகளைக் கையில் கொடுத்து, அறுபது நிமிஷத்தில் ஐம்பது கேள்விக்குப் பதில் சொல் என்பார்கள். விடை முழுக்க அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். எழுதியிருப்பதை ஒழுங்காகப் படிக்கிறாயா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

"பல்லைப் பிடுங்கப் போறவனுக்குக் கட்டுரை எதுக்கு சார்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு அண்ணன் என்னைப் பிடித்து உட்கார வைக்கிற வரைக்கும்.

நம்ம ஊரில் பி.டி.எஸ். சேரவும் 'நீட்'தான். அதில் வாசிப்புப் பகுதி என்று எதுவும் கிடையாது. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. 2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிஷம் கொடுத்தார்கள். அதாவது கேள்விக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கேள்வியைப் படிக்க வேண்டும், நாலு விடையைப் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். மூக்கில் வியர்வை வழிந்தால் அதைத் துடைக்கும் நேரமும் இதற்குள் அடக்கம்.

அண்ணன் கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து கொடைக்கானலுக்கு வேன் ஓட்டுகிறவர். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே வந்து நிற்கும்போது, குல்லாயும் குழந்தையுமாக இறங்குகிற கூட்டத்தில் பாதியை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்தான். அவருடைய பெண் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு, இரண்டாவது தடவையாக நீட் எழுதுகிறாள்.

"தம்பி, படிச்சவுக நீங்க. புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"அண்ணே, நான் பி.காம்.! டெபிட், கிரெடிட் தவிர வேற தெரியாது."

"அதைத்தான் தம்பி பார்க்கணும். ராத்திரி பகலாப் படிக்கிறா, மார்க்கு கிரெடிட்டே ஆக மாட்டேங்குது."

இதற்கு மேல் என்ன பேசுவது? ஆடிட் பண்ண ஒப்புக்கொண்டேன்.

அவள் வீட்டில் போட்டுப் பார்த்த ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டேன். 34 தப்பு. ஒவ்வொரு தப்பான கேள்வியையும் நான் நிதானமாக வாய்விட்டுப் படித்தேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். 34-ல் 15-க்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டாள்! எனக்கு அந்தக் கேள்வி என்னவென்றே புரியவில்லை என்பது வேறு விஷயம்.

சரி விடைக்கு 4 மார்க். தப்பானால் 1 மார்க் பிடித்துக்கொள்வார்கள். ஆக, தெரிந்த கேள்வி ஒன்று தப்பாகப் போனால் நஷ்டம் 5. பதினைந்து ஐந்து எழுபத்தைந்து. 75 மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டே தொலைத்திருக்கிறாள்.

எங்கே ஓட்டை என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. 'பாலூட்டிகளின் இதயத்தைப் பற்றிய சரியான கூற்று எதுவன்று?' என்று ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரியான கூற்று' வரைக்கும் படித்ததுமே கை பரபரவென்று முதல் விடைக்குப் போய்விடுகிறது. பாவம், 'அன்று' என்பது கடைசியில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் 'நாட்' என்பது கேள்வியின் பாதியிலேயே முன்னால் வந்து நின்றுவிடும். நம் தமிழில் ஆமாம், இல்லை எல்லாம் வாலில்தான். ஆபீஸ் சர்க்குலரை முக்கால்வாசி படித்துவிட்டு 'போனஸ் வழங்கப்படும்' என்று நினைத்துக் குதித்து, அடுத்த வரியில் 'என்று வெளியான தகவலில் உண்மையில்லை' என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதனால் ஒரே ஒரு விதி போட்டேன். முதலில் வாலைப் படி, அப்புறம் தலையைப் படி. அன்று, அல்ல, தவிர, தவறான, பொருந்தாத... இதில் எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் ஒரு சுழி. அதற்கப்புறம்தான் விடைப் பக்கமே போக வேண்டும்.

'கூற்று - காரணம்' என்றொரு ரகம் இருக்கிறது. 'கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கான சரியான விளக்கம் அல்ல' என்று ஒரு விடை வரும். அவள் இதில் திணறினாள். "நான் ஆபீஸுக்கு லேட்டு, இது கூற்று. திண்டுக்கல்லில் மழை, இது காரணம். ரெண்டும் நெஜம். ஆனா மேனேஜர் ஒத்துக்குவாரா?" என்று கேட்டேன். சிரித்தாள். அதற்கப்புறம் அந்த ரகத்தில் தப்பே வரவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் படிக்கிற பிள்ளைகள் மேல் போட்டுவிட முடியாது. 2018-ல் என்ன நடந்தது? தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புக் கோளாறு என்று மதுரை ஐகோர்ட் கிளைக்கு வழக்குப் போனது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்ததாகப் பத்திரிகைகளில் அடிபட்டது. (சீட்டாவுக்குச் சரியான தமிழ் சிவிங்கிப்புலி என்று காட்டுயிர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சீத்தாவுக்கு அதுவாவது தேவலை!) எங்கள் பக்கத்தில் சீத்தா என்றால் பழம். சீசனில் கூடையில் வைத்துக் கூவி விற்பார்கள். கேள்வியில் அது திடீரென்று நாலு காலில் ஓடினால் கொடைரோட்டுப் பெண் என்ன செய்வாள்?

அந்த ஜூலையில் மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 49 கேள்விக்கு 196 கருணை மார்க் போடச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. கணக்குப் பிள்ளையாக எனக்கு ஒரு சந்தேகம் அப்போதே உண்டு: மொத்தமே 720. ஏற்கெனவே 550 வாங்கிய ஒருவருக்கு 196-ஐச் சேர்த்தால் 746 ஆகும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆனால், அச்சடித்தவர் தப்புக்கு எழுதியவர் பலன் இழப்பதும் நியாயக் கணக்கில் எழுத முடியாத தொகைதான்.

தமிழ் கேட்டவர்களுக்கு வினாத்தாள் தமிழிலும் இங்கிலீஷிலுமாக இரண்டும் சேர்ந்து வரும். சந்தேகம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதே இறுதி என்பது விதி. இதைப் படித்துக் காட்டியபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப தமிழ்ல எதுக்கு சித்தப்பா அடிக்கிறாங்க?"

பி.காமில் இதற்குப் பதில் இல்லை. வேறு எந்தப் படிப்பிலும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. பல் எத்தனை வகை, எந்த வரிசையில் எத்தனை என்பதெல்லாம் 'செரித்தலும் உட்கிரகித்தலும்' என்ற பாடத்தில் வரும். 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள். பல் டாக்டர் ஆவதற்கு எழுதுகிற பரீட்சையில் பல் மட்டும் கிடையாது!

"எம்.பி.பி.எஸ். வேணாமா?" என்று கேட்டேன். "கிடைச்சா வேணாங்கவா போறேன்? பல்லுன்னாலும் சந்தோஷம்தான்" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அது பல் மருத்துவத்துக்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் ஃபீஸ் அரசாங்கமே கட்டும். கிடைக்காவிட்டால் அண்ணன் வேனை விற்றாலும் முதல் வருஷம்கூடத் தாண்டாது. அதனால் அந்த 75 மார்க் சும்மா 75 இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் சரியாக 2 மணிக்கு உட்கார வைக்கிறேன். நிஜத் தேர்வும் 2-லிருந்து 5 வரைதானே. சாப்பாடு உள்ளே போய்க் கண்ணைச் செருகுகிற நேரம், தகரக் கூரைக்குக் கீழே அனல், வெளியே ரயில் சத்தம். என் வேலை கடிகாரம் பார்ப்பது, நான் தூங்காமல் இருப்பது. முதலாவதைச் சரியாகச் செய்துவிடுகிறேன். தெரிந்தே விட்ட கேள்வி பதினைந்திலிருந்து ஆறாக இறங்கியிருக்கிறது. அந்த ஆறில் நாலு, தமிழ் வாக்கியமே சிக்கலாக இருப்பது. அதற்கு மட்டும் பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷைப் பார்க்கப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகவே பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். இடது பக்கம் ஸ்கூல் புத்தகத்துத் தமிழ், வலது பக்கம் வினாத்தாள் வார்த்தை. நேற்று புரட்டினேன். அறுபது பக்கம் ஓடியிருக்கிறது. கடைசியாக எழுதியிருந்தது இது: 'சீத்தா. கொடைரோட்டில் பழம். பரீட்சையில் விலங்கு. வால் உண்டு.'