எத்தனை அடி தள்ளி நிற்பது?

தரையில் ஒரு மரமுளை நட்டிருந்தார்கள். அதிலிருந்து அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸில் பத்துக் கோடு. ஆளுக்கு மூன்று பிளாஸ்டிக் வளையம். எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் நின்று எறியலாம், வளையம் முளையில் விழ வேண்டும். தொழிற்கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருந்த முப்பது பேருக்கு 2016-ல் மாவட்டத் தலைநகரில் நடந்த பயிற்சி அது. என் முறை வந்ததும் முதல் கோட்டில் போய் நின்றேன். மூன்றும் விழுந்தன.

பயிற்சி நடத்திய தம்பி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். “அக்கா, பக்கத்துல நின்னு போட்டா விழத்தான் செய்யும். ரொம்பத் தள்ளி நின்னு வீசுறவங்க அதிர்ஷ்டத்தை நம்புறவங்க. நாலாவது, அஞ்சாவது கோட்டுல நிக்கிறவங்கதான் தொழில் பண்ணப் பொறந்தவங்க. உங்களுக்கு இன்னும் ஊக்கம் வேணும்க்கா” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல், பஸ் ஏறி எங்கள் ஊரான கட்டுமாவடி வந்து இறங்கும்வரை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அன்று காலை மூன்று மணிக்கு எழுந்து, கரையில் ஏலம் எடுத்து, நெத்திலியை அலசி உப்புப் போட்டு, வலையில் பரப்புகிற வேலையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அந்தப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இருபத்து நான்கு வருசமாக இதுதான் என் காலை. ஊக்கம் இல்லாதவள் எந்தக் காலத்தில் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாள்?

நான் ஏன் முதல் கோட்டில் நின்றேன் என்பதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த தண்டல் அட்டையை எடுத்துக் காட்டியிருப்பேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் மீன் எடுப்பதற்கான முதல் அந்த அட்டையில்தான் வரும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், படகு போகாவிட்டாலும் கட்ட வேண்டும். இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன தொழில் செய்ய முடியும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றே ஒன்றுதான். இன்று எடுத்த மீனை இன்றைக்கே விற்க வேண்டும். நாளைக்கு விலை ஏறும் என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் வைத்திருக்க முடியாது. சாயங்காலம் அட்டைக்காரர் வாசலில் நிற்பார்.

மீன் தொழிலில் காசு இருப்பது காத்திருப்பதில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எங்கள் கரையில் நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டும்தான் மீன். அப்போது அறந்தாங்கி, பேராவூரணி பக்கத்து வீடுகளில் குழம்புக்குக் கருவாட்டைத் தேடுவார்கள். மாசி, பங்குனியில் நெத்திலியும் காரலும் மலிந்து கிடக்கும்போது வாங்கிக் காயவைத்து, மூட்டை கட்டி, மேயில் அவிழ்ப்பவர் கையில்தான் லாபம் நிற்கும். இது கரையில் கூடை தூக்குகிற சிறுபெண்ணுக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்து என்ன செய்வது? மூன்று மாதம் திருப்பிக் கேட்காத பணம் வேண்டும். நாலாவது கோட்டில் நிற்பது என்றால் எங்களுக்கு அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எப்போதுமே முதல் கோட்டில் நின்றவள் இல்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. பத்தாவது முடித்திருந்தேன். ராத்திரி தெருவிளக்கின் கீழ் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற தொண்டராகச் சேர்ந்தேன். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஒரு காரியம் செய்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மாவட்டம் முழுக்கப் பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். கல் உடைக்கிறவர்கள், சத்துணவு ஆயாக்கள், டீச்சர்கள், தலையில் முக்காடு போட்ட சகோதரிகள் எல்லாரும் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி, உலகமெல்லாம் படித்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பாதிப் பேர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினோம். பிறகு அதுவே வசதியாகிவிட்டது. பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், பின்னால் கூடையைக் கட்டலாம்.

அதற்கு முன் எங்கள் அம்மா கூடையைத் தலையில் வைத்து நடந்த தூரம்தான் அவருடைய வியாபாரத்தின் எல்லை. பஸ்ஸில் ஏறினால் முகத்தைச் சுளிப்பார்கள். (2021 டிசம்பரில்கூடக் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு தாயை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா நிலையத்தில் நின்று அழுததைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.) பஸ் ஏற முடியாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நடந்து போகக்கூடிய ஊர்களுக்கு மட்டும்தான் விற்கலாம். மீதியைக் கரையிலேயே ஏஜென்ட் சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சைக்கிள் வந்த பிறகு நான் உள்நாட்டு ஊர்களுக்குப் போனேன். அங்கே கடல்மீன் வருவது அரிது. கரையில் கூறு பத்து ரூபாய்க்குப் போன மீனுக்கு அங்கே பதினெட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு யாரும் ஊக்க உரை நிகழ்த்தவில்லை. ஒரு பழைய சைக்கிளும் அதை ஓட்டுகிற தைரியமும் கொடுத்தார்கள். நானாகவே இரண்டு கோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

வளையம் எறிகிற அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பிறகு என் மகள் தேடிச் சொன்னாள். அவள் பி.காம். படித்தவள். டேவிட் மெக்லேலண்ட் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர். சாதிக்க வேண்டும் என்கிற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்க்க 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதுவும் எங்களைப் போலக் கடற்கரை ஊர்தான். அங்கிருந்த சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் தொழில் எப்படிப் போகிறது என்று கவனித்து, 1969-ல் புத்தகமாகப் போட்டார். இன்று நாடெங்கும் கடனுக்கு முன் நடத்துகிற தொழில்முனைவோர் பயிற்சிகளுக்கு அதுதான் மூல விதை. பயிற்சி எடுத்தவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், புதிய முயற்சிகளில் இறங்கினார்கள் என்பது உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மகள் படித்துச் சொன்ன இன்னொரு செய்தியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தொழிலில் முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவர்களிடம்தான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிறர் சொல்படி நடக்க வேண்டியிருந்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

தண்டல் அட்டை வைத்திருக்கிறவள் தன் தொழிலில் முடிவெடுக்கிற இடத்தில் இல்லை. என்றைக்கு விற்பது என்பதை அட்டை முடிவு செய்கிறது. என்ன விலைக்கு என்பதை ஏஜென்ட் முடிவு செய்கிறார்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு கடன் கிடைத்தது, ஐம்பதாயிரம். எங்கள் மகளிர் குழுவிலும் முப்பதாயிரம் எடுத்தேன். இரண்டுமே மாதத் தவணை. முதல் வேலையாக அட்டையை அடைத்தேன். அந்த வருசம் வாழ்க்கையில் முதல் தடவையாக மாசியில் வாங்கிய நெத்திலியை வைகாசி வரை வைத்திருந்தேன். மூங்கில் பந்தல் போட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலை கட்டிக் காயவைத்தேன். மணலில் காய்ந்த கருவாட்டைக் கடித்தால் நறநறவென்று இருக்கும், வலையில் காய்ந்தது அப்படி இல்லை. இரண்டு பக்கமும் காற்றுப் பட்டு, வெள்ளிக் கம்பி போல நிமிர்ந்து நிற்கும். இரண்டு விரலில் எடுத்து மடக்கினால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டக் கூடாது, கட்டினால் பத்து நாளில் புழு வைக்கும். அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வாங்குகிற வியாபாரிகள் எனக்குச் சேர்ந்தார்கள். 2018 ஐப்பசியில் என் கொட்டகையில் பதினான்கு மூட்டை இருந்தது. பருவமழை நேரத்தில் படகு போகாது, விலை வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாலாவது கோட்டில் நின்றிருந்தேன்.

நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வந்தது.

கொட்டகை போன இடம் தெரியவில்லை. பதினான்கு மூட்டையும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மூன்றாம் நாள் நானும் மாமியாரும் அதை வாரிக் குழி தோண்டிப் புதைத்தோம். கணக்கெடுக்க வந்தார்கள். வீட்டுக்கு, படகுக்கு, வலைக்கு எழுதினார்கள். தென்னை ஒன்றுக்கு அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கருவாட்டு மூட்டையை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. எழுத வந்த பையனுக்கும் வருத்தம்தான். “எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியலையே ஆத்தா” என்றான். மாதம் திரும்பியதும் தவணைக்கு ஆள் வந்தார்.

குழுத் தவணையை மற்ற பெண்கள் நான்கு மாதம் எனக்காகக் கட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் கூரை இல்லாத நேரம் அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. ஆனால் நான் மறுபடி அட்டைக்குப் போனேன். மறுபடி அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்கு விற்றேன். ஐந்து வருசத்துக்கு மேல் ஒரு மூட்டைகூடக் கட்டவில்லை.

அப்போது அந்தத் தம்பி வந்து வளையத்தைக் கொடுத்திருந்தால் முதல் கோட்டில்தான் நின்றிருப்பேன். ‘டக்’ சத்தத்துக்காக விரலை மடக்கிப் பார்த்தவளும், நாலாவது கோட்டில் நின்றவளும் நானேதான். என் மனசில் எதுவும் குறைந்துவிடவில்லை. ஒரு அடி விழுந்தால் எழுந்து நிற்க முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே அதிகாரிகளிடமும் வங்கிக்காரர்களிடமும் நான் கேட்பது ஊக்கம் அல்ல. மீனவப் பெண்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகக் கொடுக்கிற சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. சிறிய தொகைதான், ஆனால் அதன் புத்தி சரியான புத்தி. அதே புத்தியோடு எங்கள் கடனையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தவணை கேட்காதீர்கள், தடைக்காலத்தில் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது எங்கள் கையில் காசு இருக்கும். புயல் சேதத் தாளில் காய்ந்த மீன் இருப்புக்கு ஒரு கட்டம் போடுங்கள். கட்டுமாவடிக் கரையில் சிமென்ட் தளமும் பலமான கூரையும் உள்ள பொது இருப்புக் கொட்டகை ஒன்று கட்டிக் கொடுங்கள், வாடகை கொடுக்கிறோம். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக சட்டமன்றம் 2025-ல் சட்டம் கொண்டுவந்தது, நல்லது. அந்தச் சட்டம் எங்கள் தெரு வாசல்வரை வந்து சேர வேண்டும்.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதை இலவசம் என்று டவுனில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் பதினோரு பேர் அதை எடுக்காமல் தனியாகப் போட்டு வருகிறோம். ஒருத்திக்கு நட்டம் வந்தால் அட்டைக்காரரிடம் போகாமல் இதிலிருந்து எடுக்க வேண்டும் என்று பேச்சு. அந்தப் பணம் சேர்ந்த பிறகுதான் நான் மறுபடி மூட்டை கட்ட ஆரம்பித்தேன். போன மாசியில் ஆறு மூட்டை.

என் மகள் அதில் ஒன்றைக் கேட்டாள். சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு, செல்போனில் ஆர்டர் பிடித்து, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பப் போகிறாளாம். காற்றை உறிஞ்சி ஒட்டுகிற மெஷினுக்கு ஆறாயிரம் வேண்டும் என்றாள். குழுவில் பேசி, பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம். “போனா போகட்டும், நீ திருப்பித் தர வேணாம்” என்று பெரியவர் ஒருவர் சொன்னார். முதல் தடவை அனுப்பிய பன்னிரண்டில் மூன்று பாக்கெட் வழியில் கிழிந்துவிட்டது. நெத்திலியின் தலைமுள் கவரைக் குத்தியிருக்கிறது. அவள் அழவில்லை, கடன் வாங்கவும் ஓடவில்லை. தலையைக் கிள்ளிவிட்டுப் பாக்கெட் போட்டால் என்ன என்று கேட்டாள். நேற்று ராத்திரி பதினொரு மணிவரை நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம்.