எண் இருக்கிறது, அழைப்பது யார்?



நள்ளிரவில் பக்கத்து வீட்டுத் தாய்க்குக் காய்ச்சல். யாரிடம் கேட்பது? தெரியாமல் விடியும்வரை காத்திருக்கிறார்கள். விடிந்ததும் வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். இது நம் தெருக்களுக்குப் புதிதா?

2013-ம் ஆண்டு முதல் தமிழகத்தில் 104 என்ற தொலைபேசிச் சேவை இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி மருத்துவ ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவமனையில் குறை இருந்தால் புகாரும் செய்யலாம். உயிர் ஊசலாடும் நேரமா? அப்போது 104 அல்ல, 108! ஆதரவற்ற குழந்தைக்கு 1098, துன்புறும் பெண்ணுக்கு 181, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567, மனம் உடைந்தவருக்கு 14416.

எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு இவற்றை யார் சொன்னது?

வணிகப் பெருமக்களே! உங்கள் கல்லாவுக்கு அருகில் இந்த ஆறு எண்களையும் பெரிதாக எழுதி மாட்டுங்கள். செலவு ஓர் அட்டை மட்டுமே!

இளைஞர்களே! எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து நீங்களே அழைத்துக் கொடுங்கள். காதில் விழுந்த குடும்ப ரகசியம் அமானிதம், வெளியே விடாதீர்கள். புகார் செய்தால் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையா? மீண்டும் அழையுங்கள்.

டீக்கடையில் புலம்பிய குறை எந்தக் கோப்பிலும் ஏறாது. பதிவான குறைக்குத்தான் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

இன்றே, உங்கள் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள்!